யாழ்ப்பாணத்துச் சீதனக் காணி

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு விவாகம் பேசப்படுங்கால், வீடும் வளவும் உண்டா, தோட்டக்காணி எத்தனை பரப்பு, கிணற்றில் பங்கு எவ்வளவு என்னும் வினாக்கள் எழுவதும், அவற்றின் விடைகள் நொத்தாரிசு முடிக்கும் சீதன உறுதியில், நான்கெல்லையும் குறித்து, பெண்ணின் பெயருக்கே எழுதப்படுவதும் தலைமுறைகள் பல கண்ட சம்பிரதாயமாகும். சீதனம் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைமாறும் பொருள் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டின் பழஞ்சட்டமாகிய தேசவழமை இவ்வுரிமையின் மீதே குடும்பத்தை நிறுத்தியிருக்கிறது.

வாய்மொழியாக வழங்கிவந்த அவ்வழமைகளைத் தொகுக்கும்படி 1706-இல் ஒல்லாந்த தேசாதிபதி சைமன்ஸ் ஆக்ஞாபிக்க, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் வகித்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707-இல் அவற்றை எழுதி முடித்தார். தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலிமார் பரிசீலித்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் வந்தபின்னும், 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் பிரமாணத்தால் அது சட்டமாக நிலைபெற்றது.

அத்தொகுப்பு கூறும் புராதன ஏற்பாட்டில் கணவன் கொணர்வது முதுசம். மனைவி கொணர்வது சீதனம். இருவரும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது ஆதிவழக்கமாயிருக்க, பறங்கியராகிய போர்த்துக்கேயர் ஆட்சிக்காலத்தில் அவ்வரம்பு தளர்ந்தது என்பதையும் அத்தொகுப்பே குறிக்கிறது. சந்ததியின்றி ஒருத்தி இறப்பின், அவளுடைய சீதனம் கணவனைச் சேராமல் அவள் சகோதரிகளுக்கே மீளும். மணமாகாத ஆண்மக்கள் உழைத்த பொருளோ, அவர்கள் அணிந்த ஆபரணங்கள் நீங்கலாக, பெற்றோரின் பொதுச்சொத்திலேயே சேரும்.

இவ்விதிகளின் பலன் ஊரின் அமைப்பிலேயே விளங்கிற்று. தாயின் வளவு பெண்மக்களுக்குப் பிரிக்கப்பட்டமையால், சகோதரிகள் ஒரே கிணற்றில் நீர் அள்ளிக்கொண்டு வேலிக்கு வேலி அயலாராய் வாழ, மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவது பெருவழக்காயிற்று. பிறந்த மண்ணிலேயே தன் பெயருக்கு எழுதிய காணியில், தாயும் தமக்கையும் கூப்பிடுதூரத்தில் இருக்க வாழ்ந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டின் தனிமை இல்லை. இவ்வேற்பாட்டின் பாரத்தை ஆண்மக்களும் சுமந்தார்கள். தங்கைமார் கரையேறுமட்டும் தம் விவாகத்தைத் தள்ளிவைத்து, சீதனத்துக்குப் பொருள் சேர்க்கும் பொருட்டு வெளியூர் உத்தியோகம் நாடிய தமையன்மார் எத்தனையோ பேர்.

ஆயினும் உடைமை வேறு, ஆட்சி வேறு என்பதையும் இச்சட்டமே காட்டுகிறது. 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டப்படி, மணமான பெண் தன் அசையும் பொருளைத் தன்னிஷ்டப்படி வழங்கலாமாயினும், காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். இலங்கையில் மணமான பெண்களின் சொத்துரிமையை விரித்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தேசவழமைக்குட்பட்ட பெண்களைப் புறத்தே நிறுத்திற்று. கணவன் கைவிட்டுச் சென்றாலும் சிறைப்பட்டாலும் அவன் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். இலங்கையின் உள்நாட்டுப் போரிலே கணவன் காணாமற்போன பெண்களுக்கு இந்நிபந்தனை எத்துணைக் கடியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் பங்கு கேட்க இயலாது.

ஆகவே தேசவழமை பெண்ணை நிலத்துக்கு உரியவளாக்கியதன் நோக்கம் அவளது சுவாதீனமன்று; தாய்வழி வந்த காணி அவ்வழியிலேயே நிலைப்பதுதான். அந்நோக்கத்தால் அவளுக்கு இருப்பிடமும் மதிப்பும் வாய்த்தன என்பதை மறுத்தல் நியாயமாகாது. எனினும் தன் காணியைத் தன் கையொப்பத்தால் மட்டுமே வழங்கும் அதிகாரம் அவளுக்கு இல்லாதவரையில், அவ்வுரிமையைப் பூரணமானதென்று போற்றுவதும் பொருந்தாது.