சுங்கத் திணைக்களமும் இன விகிதாசாரமும்

போட்டிப் பரீட்சை முடிவு வந்தாலே "அரச வேலையில எங்கட விகிதாசாரம் எங்க?" என்ற கேள்வி காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எழும்பும். நியாயமான கேள்விதான். ஆனா இந்த நாடு இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச சேவையில் தமிழ் பேசுவோரின் பங்கு சரிந்துகொண்டே போனது. 1990 இல் 15/90 இலக்கச் சுற்றுநிருபம் வந்தது: ஆட்சேர்ப்பு மட்டுமல்ல, பதவியுயர்வும் இன விகிதப்படி. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர் சுங்கத் திணைக்களத்தின் தமிழ் அதிகாரி ஒருவர். ராமுப்பிள்ளை எதிர் பெஸ்டஸ் பெரேரா வழக்கு. பதவியுயர்வை இனம் பார்த்துப் பங்கிடுவது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரைக்கு முரண் என்று 1991 இல் தீர்ப்பானது.

சிறுபான்மையினருக்கு இதில் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 1981 குடிசன மதிப்பில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 7 வீதம். பத்துப் பதவி இருந்தால் எங்கட பங்கு முக்கால் ஆள்கூட இல்லை. மலையகத் தமிழருக்கு, 5.5 வீதத்தில், அரை ஆள்! மேலே போகப்போகக் கதிரை குறையும். சேவைமூப்பும் திறமையும் உள்ளவருக்கு அந்த வீதமே வேலியாகிவிடும்.

முதல் நியமனத்தில் விகிதாசாரம் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். மனு எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஆட்சேர்ப்பை ஒரு பந்தியிலும் பதவியுயர்வை இன்னொரு பந்தியிலும் எழுதுங்கள்.