கிட் பிறந்த கதை: கருவி யாருடையது, வரலாறு யாருடையது?

லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து 'கிட் ப்ளேம்' போட்டுப் பாருங்கள். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் கட்டளை அது. பழைய வரிகளுக்கெல்லாம் ஒரே பெயரும் ஒரே தேதியும்தான் வரும்: லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரல் 16. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், ஏறத்தாழ 67 லட்சம் வரிகள். எல்லாத்தையும் அவர் ஒருத்தரே ஒரே நாளில் எழுதிப் போட்டதுபோல இருக்கும்!

ஆனால் லினக்ஸ் வந்தது 1991-இல். நடுவில் 14 வருஷம் எத்தனையோ பேர் எழுதிய வேலை எங்கே போச்சு? கல்வெட்டு தேடி அலைபவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. மேல்பகுதி இல்லாத கல்லில் மன்னன் பெயர், ஆட்சியாண்டு எதுவும் இருக்காது. வாசகம் நடுவிலிருந்து தொடங்கும். இந்தக் 'கல்' ஏன் நடுவிலிருந்து தொடங்குகிறது என்று தேடிப் போனால், கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பெரிய சண்டைகளில் ஒன்றில் போய் நிற்போம்.

தொண்ணூறுகளில் கெர்னலுக்கு யாராவது திருத்தம் எழுதினால் அதை மின்னஞ்சலில் லினஸுக்கு அனுப்ப வேண்டும். பிடித்தால் சேர்ப்பார். பதில் வரவில்லை என்றால் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். ஆள் கூடக்கூட இது தாங்கவில்லை. 1998-இல் 'அனுப்பிய பேட்ச் எல்லாம் காணாமல் போகிறது' என்று பெரிய தகராறே நடந்தது. அப்போது லாரி மெக்வாய் என்பவர், லினஸின் சுமையைக் குறைக்க நல்ல கருவி ஒன்று வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல் பிட்மூவர் என்ற நிறுவனம் தொடங்கி, பிட்கீப்பர் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளையும் உருவாக்கினார்.

அப்போது பரவலாக இருந்தது சிவிஎஸ். அதில் வரலாறு முழுக்க ஒரே மைய சர்வரில் இருக்கும். பிட்கீப்பரில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறோடு ஒரு பிரதி இருக்கும். அவரவர் தனியாக வேலை செய்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சிவிஎஸ்ஸை அடியோடு வெறுத்த லினஸ், 2002 பிப்ரவரியில் இதற்கு மாறினார். வேலை வேகம் வெகுவாகக் கூடியது.

சிக்கல் எங்கே என்றால், பிட்கீப்பர் மூடிய மென்பொருள். கெர்னல்காரர்களுக்கு இலவசம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. மாற்றங்களின் பதிவு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். போட்டிக் கருவி உருவாக்குபவர்கள் இலவசப் பதிப்பைத் தொடக் கூடாது.

விடுவார்களா? இன்று இலவசமாகத் தருவதை நாளைக்குப் பிடுங்கிக்கொள்ள முடியும் என்றால் அது உரிமை இல்லை, சலுகை என்பதுதான் ரிச்சர்ட் ஸ்டால்மனின் வாதம். மூத்த கெர்னல் நிரலாளரான ஆலன் காக்ஸ் பிட்கீப்பரைத் தொட மறுத்தார். பிட்கீப்பரைப் பயன்படுத்துவது எப்படி என்ற குறிப்பு கெர்னலின் ஆவணங்களோடு வைக்கப்பட்டிருந்தது. அது ஒரு தனியார் மென்பொருளுக்கு விளம்பரம் என்று சொல்லி, அதை நீக்க ஒருவர் பேட்ச் அனுப்பினார். லினஸ் ஏற்கவில்லை. வேலைக்கு எது சிறந்த கருவியோ அதைப் பயன்படுத்துவேன், இதைவிட நல்லதைக் கட்டற்ற மென்பொருளாகக் கொண்டுவாருங்கள், மாறிக்கொள்கிறேன் என்பது அவர் நிலை.

மெக்வாய் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விற்கிற பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதை வைத்தே போட்டிப் பொருள் செய்யுங்கள் என்று எந்த வியாபாரி சொல்வார்?

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் வந்தார். சாம்பா, ஆர்சிங்க் இரண்டையும் தந்த ஆஸ்திரேலியர். சாம்பாவே, விண்டோஸ் கணினிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் முறையை வெளியிலிருந்து கவனித்து எழுதப்பட்டதுதான். பிட்கீப்பரின் உரிமத்தை ஏற்காமலேயே கெர்னலின் வரலாற்றை வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்தார். டெல்நெட்டில் பிட்கீப்பர் சர்வரோடு இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டினார். என்னென்ன கட்டளை உண்டு என்று சர்வரே பட்டியல் போட்டுக் காட்டியது! 2005 ஏப்ரலில் கான்பராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் மேடையிலேயே இதைச் செய்து காட்டினார்.

இதற்குள் மெக்வாய் பொறுமை இழந்திருந்தார். இலவசப் பதிப்பை நிறுத்துவதாக பிட்மூவர் அறிவித்தது. லினஸுக்குக் கோபம் வந்தது நிறுவனத்தின்மேல் அல்ல, ட்ரிட்ஜெல்மேல். ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திவிட்டாரே என்று வெளிப்படையாகவே திட்டினார். ஸ்டால்மனோ மெக்வாய்க்கு நன்றி சொல்லிக் கட்டுரையே எழுதினார்; கருவியைப் பிடுங்கி எல்லோர் கண்ணையும் திறந்துவிட்டாராம்!

அடுத்து நடந்தது தெரிந்த கதை. மோனோடோன் போன்ற கட்டற்ற கருவிகளை லினஸ் பார்த்தார். கருத்து பிடித்தது, வேகம் போதவில்லை. தானே எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதியே கிட் தன் சொந்த நிரலைத் தானே பராமரிக்கத் தொடங்கிவிட்டது. 16-ஆம் தேதி கெர்னல் அதற்குள் போனது. பழைய வரலாறு கையில் இருந்தும் அளவு மிகப் பெரியது என்பதால் அதைச் சேர்க்காமல், அன்றைய நிலையை மட்டும் வைத்துத் தொடங்கினார். முதலில் பார்த்த 'கல்' நடுவிலிருந்து தொடங்குவது இதனால்தான். ஜூலையில் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார்.

இந்தக் கதையை 'ஸ்டால்மன் அன்றே சொன்னார், அதுதான் நடந்தது' என்று முடிப்பது வழக்கம். அது பாதி உண்மை என்று நினைக்கிறேன். மூன்று வருஷம் பிட்கீப்பரில் வேலை பார்த்ததால்தான் மையம் இல்லாத கருவி எப்படி இருக்க வேண்டும் என்று லினஸுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. அந்த அனுபவம் இல்லாமல் இரண்டு வாரத்தில் கிட் வந்திருக்காது. ஆனால் 'எது சிறந்த கருவி' என்று அவர் போட்ட கணக்கில் ஒரு கேள்வி விட்டுப்போனது: இதை யார் எப்போது பிடுங்கிக்கொள்ள முடியும்?

அதைவிட முக்கியமான கேள்வி வரலாறு பற்றியது. நிரல் எப்போதுமே எல்லோருக்கும் கிடைத்தது. பிட்கீப்பரை விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் வடிவத்தில் ஒரு பிரதியும் தரப்பட்டது. ஆனால் அதில் கிளை பிரிந்து சேர்ந்த விவரமெல்லாம் ஒரே நேர்கோடாகச் சுருங்கியிருக்கும். முழு வரலாறு வேண்டுமென்றால் உரிமத்தை ஏற்றாக வேண்டும். ட்ரிட்ஜெல் எடுக்க முயன்றது அந்த வரலாற்றைத்தான்.

வரலாறு போனால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். முதலில் வேலை பார்த்த இடத்தில் காசு கொடுத்து வாங்கிய வெர்ஷன் கன்ட்ரோல் கருவி இருந்தது. ஒரு வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவானது. கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கருவிக்கு மாறினோம். சில மாதம் கழித்து, வட்டிக் கணக்கில் தேவையே இல்லாததுபோல் தெரிந்த ஒரு வரியை நீக்கினேன். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. அந்த வரி ஏன் வந்தது என்ற குறிப்பு பழைய கருவிக்குள் இருந்தது. எழுதியவரோ வேலையை விட்டே போயிருந்தார். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு!

கெர்னலுக்கு அந்தக் கதி வரவில்லை. பிட்கீப்பர் கால வரலாற்றைப் பிறகு தனிக் களஞ்சியமாகக் கிட்டில் கட்டி வைத்தார்கள். இப்போதும் எடுத்து ஒட்டிப் படிக்கலாம். பிட்கீப்பரும் 2016 மே மாதம் அப்பாச்சி உரிமத்தில் திறந்த மூலமாக வந்தது. அதற்குள் உலகமே கிட்டுக்கு மாறிவிட்டிருந்தது.

சண்டை முடிந்ததா? 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. நிரலைப் பொறுத்தவரை பயமில்லை, முழு வரலாறும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்கிறது. ஆனால் 'இந்த மாற்றம் ஏன் வேண்டும்' என்று நாம் பேசிய பேச்சு, பிழைப் புகார், ஏற்றதற்கும் மறுத்ததற்கும் சொன்ன காரணம் எல்லாம் கிட்டுக்குள் இல்லை. அவை அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. என் சின்னச் சின்ன புராஜெக்ட்களும் அங்கேதான் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. வசதியாக இருக்கிறது, லினஸுக்கு 2002-இல் இருந்ததுபோலவே.

இந்தக் கட்டுரைக்காகத் தேடி முடித்த அன்று, என் புராஜெக்ட்களில் நடந்த உரையாடல்களையெல்லாம் ஏபிஐ வழியாக இறக்கிக் கோப்புகளாகச் சேமித்து வைத்தேன். அரை மணி நேர வேலைதான். உங்களுடையதையும் ஒரு தடவை எடுத்து வைத்துவிடுங்கள்.