விமானப் பணியாளர் கதிர்வீச்சு அளவிகள்

விமானப் பணியாளர் கதிர்வீச்சு அளவிகள் என்பவை, விமானிகளும் பிற பறக்கும் ஊழியர்களும் அண்டக்கதிர்களால் பெறும் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். பயணிகள் விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் அந்த அளவு மணிக்குச் சில மைக்ரோசீவர்ட். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அது குறையும். துருவங்களை நெருங்கும் வழித்தடங்களில் கூடும். தொடர்ந்து பறப்பவருக்கு ஆண்டில் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிசீவர்ட் சேர்கிறது. இன்று இந்தத் தொகையைக் கருவியால் அளப்பதைவிட, பறந்த பாதை, உயரம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு கணினியில் கணக்கிடுவதே பெருவழக்கு. ஆயினும் கணக்கீட்டுக்கு அடித்தளமும் உரைகல்லும் கருவியே. இத்துறையின் வரலாறு இதற்குச் சான்று.

தியோடோர் வுல்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் வடிவமைத்த மின்மானியே இக்கருவிகளின் முன்னோடி. இறுக மூடிய உலோகக் கலத்துக்குள் இரண்டு மெல்லிய இழைகள் தொங்கும். மின்னேற்றம் பெற்றதும் அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கும். கதிர்வீச்சு உள்ளிருக்கும் காற்றை அயனியாக்க, மின்னேற்றம் வடிந்து இழைகள் மெல்ல நெருங்கும். அந்த நெருக்கத்தைச் சிறு நுண்ணோக்கி வழியே படித்தார்கள். 1910இல் வுல்ஃப் இதை ஈபிள் கோபுர உச்சிக்குக் கொண்டுபோனார். 1912 ஆகஸ்ட் 7 அன்று இயற்பியலர் விக்டர் ஹெஸ் இத்தகைய கருவிகளுடன் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக்கூட அயனியாக்கமும் கூடுவதைக் கண்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1936இல் நோபல் பரிசு பெற்றார். டச்சு இயற்பியலர் யாக்கோப் கிளே, ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலான கப்பல் பயணங்களில், நடுக்கோட்டருகே கதிர்வீச்சு குறைவதை அளந்தார். 1936இல் அமெரிக்க இயற்பியலர் மில்லிகனின் குழுவினர் சென்னையிலிருந்து பலூன்களில் கருவிகளை அனுப்பி, காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானிலும் அதே குறைவைப் பதிவுசெய்தனர். உயரம், காந்தப்புலம் என்று இன்றைய கணினி நிரல்கள் கேட்கும் இரு விவரங்களின் முக்கியத்துவமும் இப்படிக் கருவியால் அறியப்பட்டதே.

விமான உயரத்தில் அளவீட்டைக் கடினமாக்குவது நியூட்ரான். உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு விளைவில் ஏறத்தாழ பாதி நியூட்ரான்களால் வருகிறது; மின்னூட்டம் இல்லாததால் கைகர் எண்ணி அவற்றைப் பெரும்பாலும் தவறவிடும். மருத்துவமனை ஊழியர் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜும் இங்கே போதாது. இயற்பியலர் ஹரால்ட் ரோஸியின் வழியில் வளர்ந்த திசுநிகர் விகிதசம எண்ணி இக்குறையைத் தீர்த்தது. அதன் சுவர், கூறுகளில் மனிதத் திசுவை ஒத்த பிளாஸ்டிக்; உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் புரொப்பேன் போன்ற வாயு. உள்ளங்கையில் அடங்காத அந்த உருண்டை, ஓரிரு மைக்ரோமீட்டர் அளவுள்ள திசுத் துணுக்கைப்போல் நடந்துகொள்கிறது. ஒவ்வொரு துகளும் விட்டுச்செல்லும் ஆற்றலை அது தனித்தனியே பதிவுசெய்வதால், தீங்கின் தரத்தையும் மதிப்பிட முடிகிறது. பல்கேரியாவின் லியுலின் போன்ற சிலிக்கன் கருவிகள் சிறியவை, மலிவானவை. ஆனால் நியூட்ரான் பங்கை அளவுதிருத்தத்தின் வழியேதான் பெறவேண்டும்.

1990இல் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் விமானப் பணியாளரின் கதிர்வீச்சைத் தொழில்சார்ந்ததாகக் கருதப் பரிந்துரைத்தது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடியவர்களின் அளவை மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் காரி, ஜெர்மனியின் எப்கார்டு முதலிய நிரல்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஒரே விமானத்தில் இருப்போர் அனைவரும் ஏறக்குறைய ஒரே அளவைப் பெறுவதாலும், கணக்கும் அளவீடும் பொதுவாக 30 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போவதாலும், ஆளுக்கொரு கருவி வீண்செலவு என்பார்கள். அமைதியான நாட்களுக்கு அது சரியே. ஆனால் சூரியன் திடீரெனத் துகள்களை வீசும்போது, சராசரி நிலையை வைத்துப் போட்ட கணக்கு பொய்த்துவிடும். 2001 ஏப்ரல் 15 அன்று பிராகாவிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் லியுலின் கருவி இருந்ததால்தான் அன்று சூரியத் துகள்களால் ஏற்பட்ட கதிர்வீச்சு ஏற்றம் நேரடியாகப் பதிவானது. அத்தகைய நிகழ்வுகள் அரியவை என்பது உண்மை. ஆனால் அவற்றை நம்பகமாக முன்கணிக்கவும் இயலாது. 18 கிலோமீட்டர் உயரம் வரை பறந்த கான்கார்டில் இதை உணர்ந்தே கதிர்வீச்சு அளவியைப் பொருத்தியிருந்தார்கள்; அது மணிக்கு 0.5 மில்லிசீவர்ட்டைத் தொட்டால் விமானம் கீழிறங்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. கான்கார்டு 2003இல் ஓய்வுபெற்றது. இன்றைய பயணிகள் விமானங்களில் அத்தகைய அளவி வழக்கமான பொருத்தமாக இல்லை. எல்லா வழித்தடங்களிலும் இல்லாவிட்டாலும், துருவ வழித்தடங்களிலாவது அது இருக்கவேண்டும்.