பாயிரமும் மெய்க்கீர்த்தியும்: கெடா தமிழர் வரலாற்றின் தொடக்கம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தொடங்குதலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகப் பல. தொடக்கம், தோற்றம், முதல், கால்கோள், காப்பு, அரங்கேற்றம் என்பன செயல்பற்றி வருவன. பாயிரம், பதிகம், முகவுரை, அணிந்துரை, நூன்முகம் என்பன நூல்பற்றி வருவன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கருதி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்து எழுதும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் நகரங்களிலும் வெளிவரும் பள்ளி ஆண்டு மலர்களும் கோயில் குடமுழுக்கு மலர்களும் தம் ஊர் வரலாற்றைத் தொடங்கும் முறையில் இதனைத் தெளிவாகக் காணலாம். இச்சொற்களின் பொருள் வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு மக்களின் வரலாற்றை எங்குத் தொடங்குவது என்னும் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரத்தின் பெயர்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், 55 நூற்பாக்களைப் பாயிரத்திற்கென ஒதுக்கித் தொடங்குகிறது. அதன் முதல் நூற்பா பாயிரத்திற்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்துத் தருகிறது. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தனித் தொழிலைச் சுட்டுவன. முகவுரையும் நூன்முகமும் நூலுக்கு முகம்போல் முன்னிற்றலைக் குறிப்பன. அணிந்துரையும் புனைந்துரையும் நூலின் சிறப்பை அழகுபெறக் கூறுதலைக் குறிப்பன. நூல் நுதலிய பொருளுக்குப் புறம்பானவற்றைக் கூறலின் அது புறவுரை. நூலுள் சொல்லப்படாதவற்றைக் கொணர்ந்து தருதலின் தந்துரை. பதிகம் என்பது பொதுவும் சிறப்புமாகிய பல செய்திகளைத் தொகுத்துரைப்பது.

இவற்றுள் புறவுரை என்னும் பெயர் சிறப்பாக நோக்கத்தக்கது. பாயிரம் நூலின் முன் நிற்பினும் நூலின் உறுப்பாகாது என்பதை இப்பெயர் உணர்த்துகிறது. மாளிகைக்கு ஓவியமும் நகருக்குக் கோபுரமும் போன்றது பாயிரம் என்பது நன்னூலார் கருத்து. கோபுரம் நகரைக் காட்டும்; ஆயின் கோபுரமே நகராகாது. அதே வேளையில், நூல் எவ்வளவு பெரிதாயினும் பாயிரம் பெறாவிடின் நூலெனும் தகுதி பெறாது என்றும் அவர் வரையறுக்கிறார். புறத்ததாயினும் இன்றியமையாதது என்பதே பாயிரத்தின் நிலை.

பதிகம் எப்போதும் முன்னிற்பதன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் அது நூலுக்கு முன்னே அமைகிறது. பதிற்றுப்பத்திலோ ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் அமைந்து, பாடப்பெற்ற சேரனின் பெற்றோர், செயல்கள், அவன் புலவர்க்கு ஈந்த பரிசில், ஆண்ட காலம் ஆகியவற்றைக் கூறுகிறது. இப்பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தாற் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் கொள்கை. அரசனின் செயல்களை வரிசைப்படுத்தும் இம்முறையில் பிற்கால மெய்க்கீர்த்தியின் முன்வடிவைக் காண்போரும் உளர்.

மெய்க்கீர்த்தியில் கடாரம்

முதலாம் இராசராசன் (985-1014) காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி நிலைபெற்றது. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்னும் மங்கலச் சொல், அதனையடுத்து மெய்க்கீர்த்தி, பின்னர் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும், அதன்பின் நிலக்கொடை, விளக்குக்கொடை, ஊர்ச்சபை முடிவு முதலாய செய்தி என்பது பொதுவான வரிசை. எனவே மெய்க்கீர்த்தி கல்வெட்டின் பாயிரம். கொடைச் செய்தியே கல்வெட்டின் நூற்பொருள். அரசவை இயற்றிய மெய்க்கீர்த்தி பல ஊர்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுபோல் வரும். கொடைச் செய்தி ஊர்தோறும் வேறுபடும்.

1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பை நாம் அறிவது அவனது மெய்க்கீர்த்தியால். தஞ்சைக் கல்வெட்டில் உள்ள அதன் விரிந்த வடிவம், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் தோற்றதையும் சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், நக்கவாரம் முதலாகக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்கள் வெல்லப்பட்டதையும் கூறுகிறது. கடாரம் கொண்டான் என்னும் பட்டம் இதனடியாகப் பிறந்தது.

இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்பட்ட செய்தியைத் தருவன ஆனைமங்கலச் செப்பேடுகள். லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் இவற்றுள் பெரிய தொகுதி 21 ஏடுகள் கொண்டது. 5 வடமொழி, 16 தமிழ். நாகப்பட்டினத்தில் கடாரத்தரசர் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு, இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் (1006 அளவில்) ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்ட செய்தியை இவை கூறுகின்றன. சூளாமணிவர்மன், அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன் என்னும் இருவரோடும் அவ்விகாரம் தொடர்புடையது. வடமொழிப் பகுதி கடாகம் என்று குறிக்கும் நாட்டைத் தமிழ்ப் பகுதி கிடாரம் என்கிறது.

இவ்விரு சான்றுகளையும் ஒப்புநோக்கின் ஒன்று விளங்கும். மெய்க்கீர்த்தியாகிய முகவுரையில் கடாரம் வெல்லப்பட்ட நாடு. கொடைச் செய்தியாகிய உள்ளுரையில் சோழ நாட்டில் விகாரம் எடுத்து, ஊரும் பெற்ற நட்பு நாடு. முகவுரையை மட்டும் பயில்வோர்க்குப் போர் ஒன்றே கிட்டும். வணிகமும் சமயமும் வளர்த்த உறவு உள்ளே சென்று பயில்வோர்க்கே புலனாகும்.

பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்குக் கடாரம் எனப் பொருள் கூறியவர் நச்சினார்க்கினியர். அவர் அந்நூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். ஆதலின் அதனை உரையின் சான்றாகக் கொள்ளலாமேயன்றி நூலின் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936-37இல் குவாரிச் வேல்ஸ் நடத்திய அகழாய்வும், பின்னர் சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த ஆய்வுகள் வெளிப்படுத்திய இரும்பு உருக்குத் தொழிலின் தடயங்களும், சோழர் படை வருவதற்கு மிக முன்னரே இந்நிலம் தனக்கெனத் தொழிலும் துறைமுகமும் உடையதாயிருந்தது என்பதைக் காட்டுகின்றன.

தோட்டத்துத் தொடக்கச் சொற்கள்

இன்றைய கெடா தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் இந்நிலத்திற்கு வந்தது இரப்பர்த் தோட்டங்களின் காரணமாகவே. 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷார் செல்வாக்கிற்கு உட்பட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. ஆதலின் அதன்பின் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் விரிந்த தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பெரிதும் கங்காணி முறையே. உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அது நீடித்தது. கண்காணி என்னும் சொல்லின் திரிபே கங்காணி. ஒரே ஊரினரும் உறவினரும் ஒரு தோட்டத்தில் சேர்ந்து வாழ நேர்ந்ததற்கு இம்முறை காரணமாயிற்று.

தோட்ட வாழ்வு தனக்குரிய தொடக்கச் சொற்களை உடையது. விடியுமுன் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டு நாளின் தொடக்கம். அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாக இதனைக் கொள்வர். படைத்துறைச் சொல் ஒன்று பால்வெட்டுவோரின் காலைப்பொழுதிற்குப் பெயராயிற்று என்பதே தோட்ட நிருவாகத்தின் இயல்பை உணர்த்தும். அதே மக்கள் மாரியம்மன் திருவிழாவைக் காப்புக் கட்டியோ கொடியேற்றியோ தொடங்கினர். பெரட்டு பிறர் விதித்த தொடக்கம். காப்பு தாமே மேற்கொண்ட தொடக்கம். கட்டிய காப்பு விழா முடியும்வரை கையில் இருக்கும். தொடங்கியதை முடிக்கும் கடப்பாடு அதில் அடங்கியுள்ளது.

முதல் என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஆதி, காரணம், வேர், வணிகத்தில் இடும் பொருள் என அது விரியும். முதலாளி என்பது அதன்வழி வந்தது. தோட்ட நிறுவனத்தின் ஆவணங்கள் நில உரிமையிலும் இட்ட முதலிலும் தொடங்குவன. தொழிலாளர் நினைவோ காடு அழித்தலில் தொடங்குவது. நட்ட கன்று பால்வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளின் உழைப்பு கணக்கேட்டில் செலவாகப் பதிவாகும். உழைத்தோர் வழக்கில் அதுவே தோட்டத்தின் தோற்றம்.

கால்கோள் என்னும் சொல்லை இன்று அடிக்கல் நாட்டு விழாவிற்கு வழங்குகிறோம். தொல்காப்பியம் நடுகல் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துமிடத்துக் காட்சியை முதலாகவும் கால்கோளை அதன் பின்னதாகவும் வைக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டமும் அவ்வரிசையினது. கல்லைத் தேர்ந்து கண்ட பின்னரே கால்கோள் நிகழும். வரலாறு எழுதுதற்கும் இது பொருந்தும். சான்றுகளைக் கண்டு தேராமல் தொடங்குவது காட்சியின்றிக் கால்கோள் செய்வது போன்றதாகும்.

தொடக்கம் மாறின் பொருள் மாறும்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஏ. எம். சாமி தலைமையில் கெடா தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை இயக்கம் இதற்குத் தக்க சான்று. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்திலும் டப்ளின் தோட்டத்திலும் காவலர்க்கும் தொழிலாளர்க்கும் மோதல்கள் நிகழ்ந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. வரலாற்றை மோதல் நாளிலிருந்து தொடங்குவோர்க்கு அது ஒரு கலவரம். கள்ளுக்கடை மறியலிலிருந்து தொடங்குவோர்க்கு அது சீர்திருத்த இயக்கம். சயாம்-பர்மா இரயில் பாதைக்கு ஆள் பறிகொடுத்த போர்க்காலத்திலிருந்து தொடங்குவோர்க்கு அது தன்மானத்தை மீட்க முனைந்த மக்களின் எழுச்சி. நிகழ்ச்சி ஒன்றே, தொடக்கம் மூன்று.

தொடங்கு, தொடர் என்னும் இரண்டும் ஓசையால் மட்டுமன்றிப் பொருளாலும் நெருங்கியவை. தொடக்கம் என்று ஒன்றைச் சொல்லும்போது அது தொடர்ந்து வந்தது என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம். கடாரப் படையெடுப்பைக் கெடா தமிழரின் தொடக்கம் என்று மலர்கள் எழுதும்போது, பதினோராம் நூற்றாண்டுப் படைவீரரும் வணிகரும் இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளரும் ஒரு கால்வழியினர் என்னும் கருத்துத் தானே நுழைந்து விடுகிறது. அதற்குச் சான்றில்லை. மேலும், உழைத்து இந்நிலத்தை வளப்படுத்திய மக்கள் தம் உரிமையை வெற்றியின்மேல் நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. கடாரச் செய்தி பாயிரமாக நிற்கத்தக்கது, நூலாகத் தக்கதன்று.

சிறப்புப்பாயிரத்திற்கு நன்னூல் கூறும் இலக்கணம் இங்குப் பயன்படும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும், காலம், களம், காரணம் என்னும் மூன்றும் அதில் இடம்பெறும். இவற்றை வினாக்களாக்கி ஒரு தோட்டத்தை நோக்கலாம். காடு அழித்தோர் யாவர்? எவ்வூரிலிருந்து எக்கங்காணியின் வழி வந்தனர்? தோட்டத்தின் எல்லை யாது? மக்கள் வழங்கிய பெயரும் நிறுவனம் இட்ட பெயரும் எவை? பள்ளியும் கோயிலும் எக்காரணத்தால் எழுந்தன? இவற்றுக்கு விடை தராத தோட்ட வரலாறு, இராசேந்திரனைப் பற்றி எத்துணைப் பக்கங்கள் கொண்டிருப்பினும், பாயிரமின்றித் தொடங்கிய நூலேயாகும்.

தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பதால் சிறப்புப்பாயிரம் செய்தற்கு ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரை நன்னூல் உரியராக்கும். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்தது இவ்வகையினது. ஆயின் விலக்கும் உண்டு. தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், மாற்றார் பழித்த இடத்தும் ஒருவன் தன்னைத் தானே எடுத்துரைத்தல் குற்றமன்று. தோட்ட மக்களின் நிலை இதுவே. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையும் கூலிக் கணக்கும் ஆகும். தம் வரலாற்றைத் தாமே கூறும் உரிமையை இலக்கணமே அவர்களுக்கு வழங்கியுள்ளது.

முடிவுரை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் நீங்கிச் செம்பனை இடம்பெற்றும், நிலம் வீடமைப்பிற்கு மாறியும் வர, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பல தோட்டங்களுக்கு இன்று எஞ்சியுள்ள எழுத்துச் சான்று, பள்ளி அல்லது கோயில் மலரில் உள்ள சில பக்கத் தோற்றுவாய் மட்டுமே. அப்பக்கங்கள் எல்லா மலர்களிலும் ஒன்றுபோல் வரும் மெய்க்கீர்த்தியாக அமைந்துவிடின், அவ்வூருக்கே உரிய கொடைச் செய்தி வெட்டப்படாமலே கல் நின்றுவிடும். மாணவர்க்கு முன்னுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இவ்வேறுபாட்டையும் உடன் கற்பித்து, தத்தம் ஊர் முதியோரிடம் மேற்கூறிய பதினொரு வினாக்களோடு அவர்களை அனுப்புவாராயின், எழுதப்படாத அப்பகுதி எழுதப்பெறும். பெரட்டில் பெயர் கொடுத்தோரை நேரில் அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது.