கூப்பன் முதல் செயற்கை நுண்ணறிவு வரை: விளம்பர வாசகத்தின் அளவீட்டு வரலாறு

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு விளம்பர வாசகம் எழுதுவதை, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதோடு தோன்றிய நிகழ்வாகக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. ஆயினும், வாசகத்தை எழுதியவரின் சுவையுணர்விலிருந்து பிரித்து எண்ணிக்கையின் முன் நிறுத்தும் முயற்சிக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. எழுதும் கருவி மாறியதைக் காட்டிலும் வாசகத்தை மதிப்பிடும் அளவுகோல் மாறியதே அவ்வரலாற்றின் மையம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அம்மாற்றம் தமிழ்த் தழுவலிலும் விளம்பர வரலாற்றாய்விலும் எழுப்பும் சிக்கல்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

கூப்பன் காலம்

விளம்பரம் என்பது அச்சில் நிகழும் விற்பனைத்திறனே என்ற கருத்தை 1904இல் ஜான் இ. கென்னடி சிக்காகோவின் லார்ட் அண்ட் தாமஸ் நிறுவனத்தில் முன்வைத்தார். அந்நிறுவனத்தில் பணியாற்றிய கிளாட் ஹாப்கின்ஸ், 1923இல் வெளியிட்ட ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்னும் நூலில் அதை ஒரு முறையியலாக வளர்த்தார். ஒரே பொருளுக்கு வெவ்வேறு தலைப்புகளில் விளம்பரம் வெளியிடப்படும். ஒவ்வொன்றின் கூப்பனிலும் தனிக்குறியீடு இருக்கும். எந்தக் குறியீட்டுக் கூப்பன்கள் மிகுதியாகத் திரும்பினவோ அந்தத் தலைப்பே நிலைபெறும். 1932இல் வெளிவந்த ஜான் கேப்பிள்ஸின் நூலும் இம்முறையையே விரிவுபடுத்தியது.

இக்கட்டத்தில் இரண்டு வரம்புகள் இருந்தன. ஒன்று, போட்டியிடும் வாசகங்கள் அனைத்தையும் மனிதரே எழுதினர். மற்றொன்று, முடிவு தெரியக் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே எண்ணிக்கை எழுத்தாளரின் தீர்ப்பைச் சரிபார்த்ததேயன்றி, அவரது இடத்தைப் பிடிக்கவில்லை.

பரிசுகளிலிருந்து கற்ற பொறி

பொறியை நேரடியாகப் படைப்புப் பணியில் ஈடுபடுத்திய தொடக்க முயற்சிகள் கூப்பன் மரபைப் பின்பற்றவில்லை என்பது கவனத்திற்குரியது. 2016இல் மெக்கான் ஜப்பான் நிறுவனம் ‘ஏஐ-சிடி பீட்டா’ என்ற அமைப்பைப் படைப்பு இயக்குநராக அறிவித்தது. ஜப்பானில் பரிசுபெற்ற தொலைக்காட்சி விளம்பரங்களைப் பகுத்து உருவாக்கிய தரவுத்தளமே அதன் அடிப்படை. குளோரெட்ஸ் மின்ட் வில்லைக்கு அது வகுத்த விளம்பரமும் மனித இயக்குநர் ஒருவரின் விளம்பரமும் பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, மனிதருக்கு 54 விழுக்காடும் பொறிக்கு 46 விழுக்காடும் கிடைத்தன. 2018இல் லெக்சஸ் மகிழுந்துக்கான விளம்பரக் கதை, 15 ஆண்டுக் கால கான் லயன்ஸ் பரிசு விளம்பரங்களைப் பகுத்தாய்ந்து பொறியால் எழுதப்பட்டது. இவ்விரண்டிலும் பொறியின் ஆசான் நடுவர் குழுவே; அதாவது, தொகுக்கப்பட்ட மனிதச் சுவையே.

சொடுக்கின் ஆட்சி

அதே 2018இல் அளவுகோல் மாறிவிட்டதைக் காட்டும் வேறு நிகழ்வுகளும் உள்ளன. அலிபாபாவின் விளம்பரப் பிரிவு, நொடிக்கு 20,000 வரிகள் எழுதவல்லதாகக் கூறிய வாசகக் கருவியை அறிவித்தது. கூகுள் அறிமுகப்படுத்திய தகவமைப்புத் தேடல் விளம்பரம், விளம்பரதாரர் தரும் 15 தலைப்புகளையும் 4 விவரணைகளையும் தானே இணைத்துச் சோதித்தது. 2019இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, பெர்சாடோ நிறுவனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. பொறி எழுதிய சில வாசகங்கள் மனிதர் எழுதியவற்றைவிட இருமடங்குக்கும் மேல் சொடுக்குப் பெற்றதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

அவ்வொப்பந்தத்தின்போது எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது, வீட்டு மதிப்பின் பேரில் கடன் தரும் திட்டத்தின் விளம்பரமாகும். மனிதர் எழுதியது, வீட்டின் மதிப்பிலிருந்து பணம் பெறலாம் என்று செய்தியாகச் சொன்னது. பொறியின் வடிவம், ‘உண்மைதான்’ என்னும் பொருள்படும் உறுதிமொழியை முன்னே சேர்த்து, பூட்டிக்கிடக்கும் பணத்தைத் திறந்தெடுக்கலாம் என்னும் உருவகத்தைக் கையாண்டது. பின்னதே வென்றது. ஹாப்கின்ஸின் கூப்பன் பெரும்பாலும் பொருளை விரும்பிக் கேட்டவரைக் கணக்கிட்டது. சொடுக்கோ ஒரு கணத்து ஆவலையும் கணக்கில் சேர்க்கிறது. கடன் பெற்றவர் பின்னர் என்ன ஆனார் என்பது இவ்வளவீட்டின் எல்லைக்குள் வருவதில்லை.

தமிழ்த் தழுவல்

இவ்வாசகம் தமிழுக்கு வரும்போது சிக்கல் தெளிவாகிறது. ஆங்கிலம் முன்னிலையில் ஒரே சொல்லால் விளிப்பதை, தமிழ் ‘நீ’ என்றோ ‘நீங்கள்’ என்றோ தெரிந்தெடுத்தாக வேண்டும். எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். வீட்டின் பேரில் கடன் என்றதும் தமிழ்க் குடும்பத்தில் எழுவது ‘அடமானம்’ என்ற சொல். அதில் அச்சமும் மானமும் கலந்துள்ளன. ‘பூட்டைத் திறத்தல்’ என்னும் உருவகம் அச்சொல்லை மறைக்கிறது. மறைப்பதாலேயே அது மிகுதியான சொடுக்கைப் பெறவும் கூடும். நல்ல தழுவலாளர் இவ்விடத்தில் தயங்குவார். சொடுக்கை மட்டுமே இலக்காகக் கொண்ட பொறிக்குத் தயங்கக் காரணமில்லை.

தொழில்நுட்ப நிலையிலும் சமமின்மை உண்டு. ‘தீபாவளி’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டுகள். அதே சொல் ஆங்கில எழுத்துகளில் (Deepavali) 9 பைட்டுகளே. பைட்டுகளை இணைத்துச் சொற்கூறுகளை ஆக்கும் மொழி மாதிரிகளில், பயிற்சித் தரவு குறைந்த மொழியின் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. ஆகவே தமிழில் எழுதுவிப்பது கூடுதல் செலவும் பிழைவாய்ப்பும் உடையதாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கூப்பன் எழுத்தாளரைச் சோதித்தது, பரிசுத் தரவு அவரைப் போலச் செய்தது, சொடுக்கோ அவரைத் தேவையற்றவராக்க முனைகிறது என்பது பெறப்படுகிறது. பொறுப்பு மட்டும் மனிதரிடமே உள்ளது. கணினி ஆக்கிய படைப்புக்கு, அதை ஆக்குவித்தவரே ஆசிரியர் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி வரையறுக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்திற்கு உற்பத்தியாளர் மீதும் பரிந்துரைப்பவர் மீதும் தண்டம் விதிக்க வழிசெய்கிறது.

ஆய்வாளர்க்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. பழைய தமிழ் இதழின் விளம்பரப் பக்கம், அன்றைய வாசகர் அனைவரும் கண்ட அதே வடிவில் நூலகத்தில் நமக்குக் கிடைக்கிறது. ஆளுக்கொரு வடிவமாகத் தோன்றி மறையும் வாசகத்திற்கு அத்தகைய பக்கம் இல்லை. யாருக்கு எந்தச் சொல் காட்டப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதற்கான தமிழ் ஆவணத் தொகுப்பை இப்போதே தொடங்காவிடில், இக்காலத் தமிழ் விளம்பரத்தின் வரலாற்றை எழுதச் சான்று எஞ்சாது.