பன்னிரண்டு பென்னி அபராதம்

நாலு பேர் கூடினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் வாதம் வரும். வாதம் முற்றினால் கேலி வரும். கேலிக்கு அப்புறம் வருவது இரண்டில் ஒன்று: சிரிப்பு வரலாம், செருப்பும் வரலாம். சபை கூட்டுகிறவர்களின் சங்கடமெல்லாம் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. கேலியை அடியோடு தடுத்துவிட்டால் சபையில் உப்பு இராது. தடுக்காமல் விட்டாலோ சபையே இராது.

நம் ஊர்ச் சவரக் கடைகளிலும் டீக்கடைகளிலும் "இங்கே அரசியல் பேசாதீர்கள்" என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் கத்தி வைத்திருப்பவர் அப்படி எழுதி வைப்பதில் நியாயம் இல்லாமல் போகவில்லை. ஆனாலும் அது தலைவலிக்குப் பயந்து தலையையே எடுத்துவிடுகிற வைத்தியம். பேச்சையும் வைத்துக் கொண்டு, கேலியையும் வைத்துக் கொண்டு, மண்டை உடையாமலும் பார்த்துக் கொள்ள முடியுமா? முடியும் என்று நினைத்துப் பரீட்சை செய்து பார்த்தவர்கள் சுமார் முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு லண்டன் நகரத்தில் காப்பிக் கடை வைத்தவர்கள். அவர்களுடைய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

லண்டனில் முதல் காப்பிக் கடை 1652-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. துருக்கி தேசத்தோடு வியாபாரம் செய்து வந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்பவர் ஸ்மிர்னாவிலிருந்து திரும்பியபோது, பாஸ்குவா ரோசி என்ற வேலையாளையும் காப்பி குடிக்கும் வழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார். தினம் காலையில் அந்தக் கறுப்புத் தண்ணீரை ருசி பார்க்க வருகிற நண்பர்கள் கூட்டம் தாங்க முடியாமல், கார்ன்ஹில் பகுதியில் ஒரு சந்தில் ரோசிக்குக் கடை வைத்துக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். காப்பியின் ருசியைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. விருந்தாளிகளின் தொல்லையிலிருந்து ஒரு தொழிலே பிறந்த கதை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்னால்தான், 1649-இல், அந்த ஊர் ஜனங்கள் தங்கள் ராஜாவின் தலையை வெட்டியிருந்தார்கள். அண்ணன் ராஜா கட்சி, தம்பி பார்லிமெண்ட் கட்சி என்று வீட்டுக்கு வீடு பிளவு பட்டிருந்த காலம். மதுக்கடையில் அரசியல் பேசினால் மூன்றாவது கோப்பையில் கை நீளும். காப்பியோ குடிக்கக் குடிக்கப் புத்தியைத் தெளிய வைத்தது. ஒரு பென்னி கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், பத்திரிகை படிக்கலாம். இதனால் 'ஒரு பென்னி சர்வகலாசாலை' என்றே அந்தக் கடைகளுக்குப் பெயர் வந்தது.

அந்தச் சர்வகலாசாலைகளில் மிகவும் விசித்திரமானது வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவருடைய கடையில் 1659-ஆம் ஆண்டு இறுதியில் கூடிய 'ரோட்டா' சங்கம். கிராம்வெல் இறந்து போய், அடுத்து யார் ஆளப் போகிறார்கள் என்று தெரியாமல் தேசமே திகைத்திருந்த நேரம். ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அறிஞர் தினம் மாலையில் அங்கே வந்து, குடியரசை எப்படி அமைக்கலாம் என்று விவாதம் நடத்துவார். அதற்காகவே நீள்வட்டமாக ஒரு மேஜை செய்து போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வழி. அதன் வழியாக மைல்ஸ் புகுந்து காப்பி கொடுப்பார். விவாதத்தின் முடிவில் ஒரு பெட்டியில் ரகசிய வாக்குப் போடுவார்கள். வாதத்தில் ஜயித்தது யார் என்பதைத் தொண்டையின் பலம் தீர்மானிக்காமல் பெட்டி தீர்மானித்தது. நாட்குறிப்பினால் பின்னால் புகழ் பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1660 ஜனவரியில் பதினெட்டுப் பென்னி கட்டி இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்.

ஒரு நாள் அங்கே நடந்ததை ஜான் ஆப்ரி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டாஃபோர்டு என்ற ஓர் ஆசாமி மதுக்கடையிலிருந்து தன் பரிவாரத்துடன் தள்ளாடிக் கொண்டு உள்ளே நுழைந்தான். கூடியிருந்தவர்களை வாய்க்கு வந்தபடி அவமதித்துவிட்டு, சங்கத்தின் விதிகளையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் கிழித்தெறிந்தான். அங்கிருந்த சிப்பாய்கள், "உத்தரவு கொடுங்கள், மாடிப்படியில் உதைத்துத் தள்ளிவிடுகிறோம்" என்கிற பாவனையில் எழுந்துவிட்டார்கள். ஹாரிங்டன் அவர்களைச் சமாதானப்படுத்தித் தடுத்துவிட்டாராம். கிழிந்த காகிதத்தை மறுபடி எழுதிக் கொள்ளலாம்; பேச வந்த இடத்தில் ஒருவனை உதைத்துவிட்டால் அப்புறம் அது பேசுகிற இடமாக இருக்காது. இதை அவர் வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, செய்கையில் காட்டிவிட்டார். பாவம், அவருக்குக் கிடைத்த பலன் வேறு. 1660-இல் ராஜா திரும்பி வந்தார். 1661-இல் ஹாரிங்டன் லண்டன் டவர் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது உடம்பும் மனமும் பழைய நிலையில் இல்லை.

பெரிய மனிதர்களின் சங்கத்துக்கு ஹாரிங்டன் போன்ற ஒருவர் கிடைப்பார். சாதாரணக் கடையில் என்ன செய்வது? 1674-இல் பால் கிரீன்வுட் என்ற காப்பி வியாபாரி ஒரு காகிதம் அச்சிட்டு வெளியிட்டார். காப்பியின் மகிமையைச் சொல்லும் விளம்பரம் அது. அதிலே காப்பிக் கடையின் சட்டதிட்டங்களும் பாட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தன. சர்க்கார் போட்ட சட்டமல்ல, பாதி விளையாட்டு. எல்லாக் கடையிலும் எழுத்துக்கு எழுத்து அமல் நடந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அதை எழுதிய கைக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதல் விதி, வருகிறவர்களில் உயர்வு தாழ்வு கிடையாது; எந்தச் சீமான் வந்தாலும் உட்கார்ந்தவன் எழுந்து இடம் விட வேண்டியதில்லை. ஆணையிட்டுத் திட்டினால் பன்னிரண்டு பென்னி அபராதம். ஒரு கோப்பை காப்பி ஒரு பென்னி விற்ற காலத்தில் ஒரு வசைச் சொல்லுக்குப் பன்னிரண்டு கோப்பை விலை! சண்டையை ஆரம்பிக்கிறவன், இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுக்க வேண்டும். உரத்த கூச்சல் கூடாது. மூலையில் உட்கார்ந்து காதலியை நினைத்துப் பெருமூச்சு விடக் கூடாது. எல்லோரும் உற்சாகமாகப் பேச வேண்டும்; ஆனால் ரொம்பவும் பேசக் கூடாது. ஐந்து ஷில்லிங்குக்கு மேல் பந்தயம் கூடாது. மத விஷயத்தையும் ராஜாங்க விஷயத்தையும் துடுக்காக இழுக்கக் கூடாது. கேலி செய்யலாம், ஆனால் அது எவரையும் தனிப்படக் குத்துவதாக இருக்கக் கூடாது.

சண்டைக்காரனுக்கு விதித்த தண்டனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவனை வெளியே தள்ளவில்லை. வெளியே தள்ளினால் அவன் எதிரியாகி, அடுத்த தெருவில் ஆள் சேர்ப்பான். இங்கேயோ அவனே அத்தனை பேருக்கும் விருந்து வைக்கிறவனாகிவிடுகிறான். தன்னைத் திட்டினவன் கொடுத்த காப்பியைக் குடித்துக் கொண்டே முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்ள யாரால் முடியும்?

கடைக்காரர்கள் இப்படி ஒழுங்கு செய்து கொண்டிருக்க, ராஜாவோ வேறு விதமாக நினைத்தார். தம்மையும் தம் மந்திரிகளையும் பற்றி நடக்கிற கேலி இரண்டாம் சார்லஸுக்குப் பிடிக்கவில்லை. 1675 டிசம்பர் 29-ஆம் தேதி ஒரு பிரகடனம் பிறந்தது: சோம்பேறிகளும் அதிருப்திக்காரர்களும் கூடிப் பொய் வதந்தி பரப்புகிறார்கள், ஆகையால் 1676 ஜனவரி 10 முதல் காப்பிக் கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். நகரம் கொதித்தது. வரி கட்டி வாங்கி வைத்த சரக்கை என்ன செய்வது என்று கடைக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஜனவரி 8-ஆம் தேதி, தடை அமலுக்கு வர இரண்டு நாள் இருக்கையில், உத்தரவு பின்வாங்கப்பட்டது. முதலில் ஆறு மாதத்துக்கு என்று கொடுத்த சலுகை அப்படியே நிலைத்துவிட்டது. தகப்பனார் தலையை இழந்த ஊரில், பிள்ளை காப்பிக் கோப்பையிடம் தோற்றார் என்று சொல்லலாம்.

ஆனால் ராஜா தோற்றதனால் வாய்க்குக் கட்டுப்பாடு தானாக வந்துவிடவில்லை. 1679-ஆம் வருஷ டிசம்பரில் ஓர் இரவு ஆஸ்தான கவி ஜான் டிரைடன் ரோஸ் சந்து வழியாக வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தார். வில்ஸ் காப்பிக் கடையில் அவருக்கென்று தனி நாற்காலியே உண்டு. குளிர் காலத்தில் கணப்பருகில் போடுவார்கள், கோடையில் மாடி முகப்பில் போடுவார்கள். அப்பேர்ப்பட்டவரைக் கூலியாட்கள் சிலர் தடியால் அடித்துப் போட்டார்கள். பெரிய இடத்து மனிதர்களைப் பேர் சொல்லிக் குத்திய ஒரு வசைக் கவிதை, எழுதியவர் பெயரில்லாமல், கையெழுத்துப் பிரதியாக ஊரில் உலவிக் கொண்டிருந்தது. அது டிரைடன் எழுதியது என்ற சந்தேகமே காரணம் என்பார்கள். மல்கிரேவ் பிரபுதான் அதை எழுதினார் என்பது இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. ஐம்பது பவுன் பரிசு அறிவித்தும் அடித்தவர்கள் அகப்படவில்லை. பெயரில்லாமல் எழுதினவன் ஒருவன், பெயரோடு அடி வாங்கினவன் ஒருவன்.

'குத்தாமல் கேலி செய்' என்பதைக் கலையாகவே ஆக்கிக் காட்டியவர்கள் அடுத்த தலைமுறையில் வந்த அடிசனும் ஸ்டீலும். 1711 மார்ச் முதல் தேதி 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையை ஆரம்பித்தபோது, அவர்கள் ஒரு கற்பனைச் சங்கத்தைப் படைத்தார்கள். டோரிக் கட்சிக் கிராமத்துப் பிரபு ரோஜர் டி கவர்லியும், விக் கட்சி வியாபாரி ஆண்ட்ரூ ஃப்ரீபோர்ட்டும் அதில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் வாரிக் கொள்வார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். கருமியைப் பற்றி எழுதினால் ஊரிலுள்ள கருமிகள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துக் கொண்டு சிரிப்பார்கள்; ஒரு கருமியின் பெயரைப் போட்டு எழுதினால் அவன் ஒருவனாவது தடியைத் தேடுவான். 1713-இல் பட்டன்ஸ் காப்பிக் கடையில் அவர்கள் ஒரு சிங்கத் தலையை வைத்தார்கள். வாசகர்கள் கடிதங்களை அதன் வாயில் போட வேண்டும். சிங்கம் எல்லாவற்றையும் விழுங்கும். தேறியதை மட்டும் ஆசிரியர் அச்சில் போடுவார்.

அங்கேயும் விபத்து உண்டு. அதே 1713-இல் அலெக்ஸாண்டர் போப் என்ற இளங்கவி, ஆம்புரோஸ் பிலிப்ஸின் ஆயர் பாடல்களை வானளாவப் புகழ்ந்து அவர்களுடைய பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். எழுதியவர் பெயர் இல்லை. புகழ்ச்சி முழுவதும் நையாண்டி என்பது தெரியாமல் ஸ்டீல் அதை வெளியிட்டுவிட்டார் என்பார்கள். விஷயம் புரிந்ததும் பிலிப்ஸ் ஒரு பிரம்பைக் கொண்டு வந்து பட்டன்ஸ் கடையில் தொங்கவிட்டு, போப் வந்தால் இதுதான் மரியாதை என்றாராம். போப்பின் உயரம் நாலரை அடி! ஆனாலும் பிரம்பு தொங்கியதே தவிர யார் முதுகிலும் விழவில்லை. ரோஸ் சந்துத் தடிக்கும் பட்டன்ஸ் கடைப் பிரம்புக்கும் நடுவில் முப்பத்துநாலு வருஷம். அந்த இடைவெளியில் லண்டன் கொஞ்சம் நாகரிகம் கற்றிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. அந்தக் கடைகளில் பெண்கள் பணம் வாங்கிப் போடுகிற இடத்தில் இருந்தார்கள். வாதம் செய்யும் மேஜையில் அநேகமாக இல்லை. 1674-இல் காப்பியைக் கண்டித்துப் பெண்கள் பெயரில் ஒரு மனு அச்சாயிற்று. கணவன்மார்களைப் பற்றி அதில் உள்ள பச்சைப் பரிகாசம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதக் கூடியதல்ல. அதே வருஷம் ஆண்கள் பெயரில் பதிலும் வந்தது. ஊர் இரண்டையும் வாங்கிப் படித்துச் சிரித்தது.

பிற்பாடு விக் கட்சியார் ஒரு கடைக்கும், டோரிக் கட்சியார் வேறு கடைக்குமாகப் பிரிந்தார்கள். 1693-இல் சாக்லேட் கடையாகத் தொடங்கிய வைட்ஸ் போன்றவை அங்கத்தினர் மட்டும் நுழையும் கிளப்புகளாக மாறின. அங்கே பன்னிரண்டு பென்னி அபராதத்துக்கு அவசியமே ஏற்படவில்லை. எதிர்க் கட்சிக்காரன் உள்ளே வந்தால்தானே? அந்த அமைதியை ஒழுங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய்த் துடுக்குள்ளவனையும் உள்ளே விட்டு, அவன் கையாலேயே எல்லோருக்கும் காப்பி வாங்கித் தரச் செய்த பழைய கடைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.