பங்கு

கத்தோலிக்கர் பேச்சில் ‘பங்கு’ என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் சமூகம். பங்குத்தந்தை, பங்குப் பேரவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. தமிழ் வேர் ‘பகு’: பகுத்தல், பகிர்தல்.

இதே பொருளில் பல ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லுக்கு மூலம் கிரேக்க ‘பரோய்க்கியா’. ‘பரா’ அருகில், ‘ஓய்க்கோஸ்’ வீடு. குடியுரிமை இல்லாமல் ஓர் ஊரை அண்டி வாழும் வேற்றூராரின் இருப்பையே அது குறித்தது. பேதுருவின் முதல் திருமுகம் கிறிஸ்தவர் எல்லோரையும் அப்படி அந்நியராகவே விளிக்கிறது. அப்படியானால் புலம்பெயர்ந்தோரும் ஒதுக்கப்பட்டோரும்தான் பங்கின் முதல் உரிமையாளர்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மொழி, இனம், வழிபாட்டு முறை சார்ந்த பங்குகளுக்கும் இடம் தருகிறது.

நம் ஊர்கள் பலவற்றிலோ தலித் கத்தோலிக்கருக்குக் கல்லறையே தனி. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. கல்லறையைப் பிரித்து வைத்திருக்கும் ஊர் தன்னைப் பங்கு என்று சொல்லிக்கொள்ளத் தகாது.